மஞ்சள் வளையம் போட்ட குடம்

என் குடங்களின் கழுத்தில் மஞ்சள் வளையம் இருக்கும். ஆட்டோவுக்கு அடித்த பெயிண்டில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வீணாக்க மனசில்லாமல் குடத்துக்கு ஒரு சுற்று அடித்துவிட்டேன். எங்கள் ஊர் சிங்கக் குழாய் வரிசையில் நிற்பதெல்லாம் ஒரே சந்தையில் வாங்கிய பிளாஸ்டிக் குடங்கள். எது யாருடையது என்று தினமும் ஒரு சண்டை நடக்கும். மஞ்சள் வளையம் வந்த பிறகு என் குடத்துக்கு மட்டும் சண்டை இல்லை. தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும். அப்படித் தெரிவது எவ்வளவு பேஜார் என்று அப்போது தெரியவில்லை.

எங்கள் ஊர் திருவண்ணாமலைக்கும் கீழ்பென்னாத்தூருக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. ஒன்பதாவதில் படிப்பை விட்டேன். அதாவது, படிப்பு என்னை விட்டது. இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். அம்மாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது, குனிந்து நிமிர முடியாது. அப்பா இல்லை. அதனால் காலையில் குழாயடிக்குப் போவது நான்தான். வரிசையில் நிற்கிற ஒரே ஆம்பளையும் நான்தான்.

வீட்டுக்கு வீடு குழாய் இல்லாமல் இல்லை. அதில் வருவது போர்வெல் உப்புத் தண்ணீர். துணி துவைக்கலாம், மாட்டைக் கழுவலாம். டீ போட்டால் திரியும், பருப்பு போட்டால் ராத்திரி வரை கொதித்தாலும் வேகாது. கேன் தண்ணீர் வாங்கிப் பார்த்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு அம்மா சொன்னாள், "இது தண்ணியாடா, மழைல நனைஞ்ச காத்து மாதிரி கீது." அதோடு கேன் வாங்குவது நின்றது.

சிங்கக் குழாய் என்பது ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிற ஒரு கருங்கல் தூண். நாலு பக்கமும் நாலு சிங்க முகம். சிங்கம் என்று ஊர் சொல்கிறது. எனக்கென்னவோ பல்வலிக்காரர்கள் நாலு பேர் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கிற மாதிரிதான் தெரியும். இரண்டு வாய் காய்ந்துவிட்டது. ஒன்று சொட்டும். மலையைப் பார்த்து இருக்கிற வாயில் மட்டும் கட்டை விரல் கனத்துக்கு எப்போதும் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். ஊருக்குப் பின்னால் கரடு என்று ஒரு சின்னப் பாறைக் குன்று, அதன் மேல் ஒரு பழைய கிணறு. அங்கிருந்து சரிவிலேயே இறங்கி வருகிறது. மோட்டார் வேண்டாம், கரண்ட் வேண்டாம். தூணில் ஏதோ எழுத்து வெட்டியிருக்கிறார்கள். அது தேய்ந்து போனதால் யார் கட்டியது என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

குழாயடிக்கு ஒரு சட்டம் உண்டு. குடம் வரிசையில் இருந்தால் ஆள் இருக்கிற மாதிரி. ஆள் எங்கே போனாலும் குடத்தின் முறை வந்தால் அதை நிரப்பி ஓரமாக வைக்க வேண்டும். தாண்டிப் போகக்கூடாது. அந்த வீட்டோடு பேச்சு வார்த்தை இல்லை என்றாலும் நிரப்ப வேண்டும். குடம் இல்லாதவர்கள் கல்லை வைப்பார்கள், செருப்பை வைப்பார்கள். செருப்புக்கு மட்டும் தண்ணீர் பிடிக்க மாட்டோம்.

இந்தச் சட்டத்தையெல்லாம் கவனித்துக்கொள்வது கலெக்டர் அக்கா. நான் வைத்த பேர்தான். இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர் வரிசையைப் பார்த்தால் குடங்களே நேராகிவிடும் போல இருக்கும். அவருக்கு அடுத்து மைக் செட் சின்னம்மா. அவர் ரகசியம் பேசினால் மெயின் ரோட்டில் பஸ் நிற்கும். மற்றவர்களுக்கும் பேர் உண்டு, யாரையும் விட்டுவைக்கவில்லை. வயதில் எல்லாரும் பெரியவர்கள். அவர்களும் என்னைச் சும்மா விட்டதில்லை. ஆனால் பேர் வைக்கிற விஷயத்தில் என்னை ஜெயிக்க ஆள் இல்லை.

எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கியபோதுதான் அந்தப் பேர்களெல்லாம் எனக்கே வினையாகுமோ என்று தோன்றியது.

எங்கள் பக்கம் பெண் கொடுக்க நினைக்கிறவர்கள் நேராக வீட்டுக்கு வரமாட்டார்கள். முதலில் ஒருவர் மட்டும் வந்து ஊருக்குள் மெல்ல விசாரிப்பார். எங்கள் ஊரில் டீக்கடை இல்லை. விசாரிக்கிற இடம் சிங்கக் குழாய்தான். ஊருக்குச் சம்பந்தமில்லாத ஆள் வந்து கால் கழுவுகிற சாக்கில் நின்றாலே வரிசைக்குத் தெரிந்துவிடும், எந்த வீட்டிலோ கல்யாணப் பேச்சு என்று. பையன் எப்படி, குடும்பம் எப்படி என்று அவர் பொதுவாகக் கேட்பார். இவர்கள் பொதுவாகச் சொல்வார்கள். அந்தப் பொதுவான பேச்சில்தான் கல்யாணம் நிற்கும், அல்லது போகும்.

முதல் இடத்தில் போட்டோ பார்த்தார்கள், ஜாதகம் பார்த்தார்கள், எல்லாம் சரி என்றார்கள். ஒருவர் வந்து விசாரித்துவிட்டுப் போனார். அதோடு சத்தமே இல்லை. இரண்டாவது இடமும் அப்படியே. காலையில் வரிசையில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். யார் போட்டுக் கொடுத்திருப்பார்கள்? மைக் செட்டா? போன பொங்கலுக்கு அவர் கோலத்தைப் பார்த்து, ஆட்டோ சறுக்கிய தடமா என்று கேட்டேன். அதுவா? கலெக்டரா? அவர் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியாது. ஒன்பதாவது வரை படித்தவனுக்கு அவ்வளவு கஷ்டமான பாடம் ஓடாது.

பதில் தானாக வந்து என் ஆட்டோவில் ஏறியது. ஒரு நாள் மத்தியானம் எங்கள் ஊர் முனையில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கை காட்டினார். முன்னால் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். இரண்டாவது இடத்துப் பெண்ணுக்கு மாமா அவர் என்று பேச்சிலேயே தெரிந்தது. போட்டோவில் ஸ்டூடியோக்காரன் என்னை அவ்வளவு வெளுப்பாக்கியிருந்ததால் அவருக்கு என்னைத் தெரியவில்லை. போனில் யாரிடமோ சொன்னார்:

"வேணாம்னு நேத்தே நம்ம வூட்ல சொல்லிட்டேன், இன்னைக்கு வேற வேலையா வந்தேன். பையன் தங்கமாம். ஒரு குறை சொல்லல. அதான் பேஜாரு. தெனம் நாலு கொடம் தண்ணி தூக்கினு போறானாம், அம்மாவுக்கு சோறாக்கி வெச்சிட்டுதான் ஆட்டோ எடுப்பானாம். அப்ப கல்யாணம் ஆயிட்டா யாரு தூக்குவா? நம்ம பொண்ணுதான? இந்த காலத்துல தண்ணி தூக்கற ஊருக்கு யாராவுது பொண்ண குடுப்பாங்களா?"

பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது என்னைப் பார்த்து, "நல்லா ஓட்டற தம்பி" என்றார்.

"ஆட்டோ மட்டும்தான் சார் நல்லா ஓடுது" என்றேன். அவருக்குப் புரியவில்லை. போய்விட்டார்.

மறுநாள் காலையில் குடத்தை வரிசையில் வைத்த கையோடு கேட்டேன்.

"என்ன பத்தி இன்னா சொன்னீங்க, வந்தவங்ககிட்ட?"

மைக் செட் சின்னம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லதுதாண்டா சொன்னோம். எங்கள கிண்டல் பண்றத ஒரு வார்த்த சொல்லல. எம்புள்ள மாதிரின்னு சொன்னேன். தெனம் வந்து தண்ணி புடிக்கறத பாத்தா கண்ணு கலங்குதுன்னு சொன்னேன்."

"யாரு உங்கள கலங்க சொன்னது? ஒரு கண்ணு கலங்கனதுல ரெண்டு பொண்ணு பூட்டுது."

போனில் கேட்டதைச் சொன்னேன். மைக் செட் சின்னம்மா சத்தமே இல்லாமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அதுவும் ஒரு மாதிரியாக இருந்தது. இவ்வளவு நாள் நான் போட்ட ஆட்டத்துக்கு, இவர்கள் ஒரு குறைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோபப்படலாம். நல்லது சொன்னவர்கள்மேல் என்ன செய்வது?

கலெக்டர் அக்காதான் முதலில் பேசினார். "இந்த கொழாய ஏன் கட்னாங்கன்னு தெரியுமாடா ஒனக்கு? எங்க மாமியாரு சொல்லுவாங்க. அந்த காலத்துல பெரிய வூட்டுக்காரரு ஒருத்தரு பொண்ணு கட்டினு வந்தாரு. வந்தவ ஒரு மாசத்துல அம்மா வூட்டுக்கு பூட்டா. கரட்டு மேல ஏறி தண்ணி எடுக்க என்னால ஆவாது, தண்ணி கீழ வந்தா நானும் வரேன்னுட்டா. அவளுக்காகத்தான் இத கட்டி வெச்சாரு."

"அப்ப பொண்ணு வர்றதுக்காக கட்டனது."

"ஆமா."

"இப்ப பொண்ணு வராம இருக்கறதுக்கும் இதேதான்."

"அதுக்கு நான் இன்னாடா பண்றது? கொழாய ஒங்கூட்டு அடுப்புக்கு பக்கத்துல கொண்டாந்து வெக்க சொல்றியா?"

மூன்றாவது இடம் கீழ்பென்னாத்தூர் பக்கம். பெண் அங்கே ஒரு செல்போன் கடையில் வேலை செய்கிறாள். நான் ரீசார்ஜ் செய்கிற சாக்கில் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். இரண்டாவது தடவை அவளே கேட்டாள், "முந்தாநேத்துதான போட்டீங்க. அதுக்குள்ள அத்தினியும் யாருகிட்ட பேசி தீத்தீங்க?" எனக்குப் பதில் வரவில்லை. எனக்குப் பதில் வராத ஆள் அதற்கு முன்னால் யாரும் இல்லை. அன்றிலிருந்து தூக்கம் கெட்டது. முதல் இரண்டு இடம் போனது அவமானம். இது போனால் என்ன ஆகும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

விசாரிக்க வருகிறவர் அந்தப் பெண்ணின் அத்தை என்று கல்யாணத் தரகர் சொன்னார். வெள்ளிக்கிழமை வருவாராம். குழாயடியில் ஒத்திகை நடந்தது. இந்தத் தடவை யாரும் தண்ணீர்ப் பேச்சே எடுக்கக்கூடாது. நல்லவன் என்று சொல்லலாம், ரொம்ப நல்லவன் என்று சொல்லக்கூடாது. கண் கலங்கவே கூடாது.

"நீ அன்னிக்கி ஊர்லயே இருக்காத" என்றார் கலெக்டர் அக்கா. "ஒன் மூஞ்சிய பாத்தா எங்களுக்கு சிரிப்பு வரும். கொடத்த விடிகால வெச்சிட்டு போ, நாங்க பாத்துக்கறோம்."

குடத்தை வைத்துவிட்டுப் போனேன். ஆனால் இருக்க முடியவில்லை. ஷேர் ஆட்டோ என்றால் ஆள் நிரம்பாமல் எடுக்க மாட்டோம். பஸ் ஸ்டாண்டில் அன்றைக்கு மூன்று பேர் ஏறியதும் எடுத்துவிட்டேன். பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் பயந்துவிட்டார். "ஏன் தம்பி, வண்டில பிரேக் புடிக்கலயா, ஏன் நிக்காம போற?" ஒரு சவாரி போனேன், இரண்டு போனேன். ஒவ்வொரு தடவையும் எங்கள் ஊர் முனை வரும்போது ஹேண்டில்பார் தானாக அந்தப் பக்கம் இழுத்தது. மூன்றாவது தடவை இழுத்த பக்கமே விட்டுவிட்டேன்.

குழாயடியில் நடந்ததை மற்றவர்கள் பிறகு எனக்குச் சொன்னார்கள். அத்தை வந்து கால் கழுவிக்கொண்டு பொதுவாகக் கேட்டிருக்கிறார். மைக் செட் சின்னம்மா ஒத்திகையைத் தாண்டிப் போய்விட்டார். "அவனா, அவன் ஒரு வேலை செய்ய மாட்டான். கால் மேல கால் போட்டுக்கினு ஒக்காந்திருப்பான். தண்ணிகூட அம்மாதான் மோந்து குடுக்கணும்." அத்தையின் முகம் மாறியதும் கலெக்டர் அக்கா உள்ளே புகுந்து, அப்படியில்லை, நல்லவன்தான், ஆனால் ரொம்ப இல்லை என்று ஏதோ சொல்லியிருக்கிறார். அந்த நேரம் பார்த்து என் குடங்களின் முறை வந்திருக்கிறது. சட்டப்படி நிரப்பி ஓரமாக வைத்தார்கள். நாலு குடம், நாலு கழுத்திலும் மஞ்சள் வளையம்.

"இது யாருது, ஆளே காணோம்?" என்று அத்தை கேட்டிருக்கிறார்.

"யாருதோ" என்றிருக்கிறார் கலெக்டர் அக்கா.

அப்போதுதான் நான் ஆட்டோவோடு போய் நின்றேன். அத்தை ஆட்டோவைப் பார்த்தார். குடங்களைப் பார்த்தார். மறுபடி ஆட்டோவைப் பார்த்தார். ஒரே டப்பா பெயிண்ட். வரிசையில் எல்லாரும் மலையைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"நீதானாப்பா அது?" என்றார்.

"நான்தாங்க."

"கால் மேல கால் போட்டுக்கினு இருப்பன்னு சொன்னாங்க."

"பிரேக் மேல கால் போட்டுக்கினு இருப்பங்க. அத மாத்தி சொல்லிட்டாங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. நிரம்பியிருந்த ஒரு குடத்தின் விளிம்பைப் பிடித்து லேசாகத் தூக்கிப் பார்த்து, கீழே வைத்தார்.

"சுத்தி வளைக்காம கேக்கறேன். எங்க பொண்ணு இங்க வந்தா இத தூக்கணுமா?"

பஞ்சாயத்தில் சீக்கிரம் நல்ல தண்ணீர் லைன் போடுகிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். அப்படி ஒரு பேச்சு நான் பிறந்ததிலிருந்து இருக்கிறது. நாக்கு நுனி வரை வந்தது. பின்னால் சிங்கத்தின் வாயிலிருந்து தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. செல்போன் கடையில் அவள் கேட்ட கேள்வியும் ஞாபகம் வந்தது. அவளிடம் புளுகினால் ஒரு வாரம் தாங்காது.

"நான் ஊர்ல இருந்தா நான்தாங்க தூக்குவேன். பௌர்ணமிக்கு மட்டும் என்னால ஆவாது. அன்னிக்கி கிரிவலத்துக்கு கூட்டம் ஜாஸ்தி. விடிகால போனா மறுநாளு காலையிலதான் வருவேன். அன்னிக்கி அவங்கதான் தூக்கணும். இல்லன்னா உப்புத் தண்ணில பருப்பு வேவாது."

"இப்ப பௌர்ணமிக்கு யாரு தூக்கறாங்க?"

"நாங்க" என்றார் கலெக்டர் அக்கா. "ஆளுக்கு ஒரு கொடம். அவன் கேக்க மாட்டான். நாங்களே கொண்டு போய் வெச்சிடுவோம்."

அத்தை குழாய்க்குக் குனிந்தார். இரண்டு கையையும் சேர்த்து நீட்டிக் கொஞ்சம் தண்ணீர் குடித்தார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு என் ஆட்டோவிலேயே ஏறினார். அந்தச் சாலையில் நான் வாயை மூடிக்கொண்டு ஓட்டியது அதுதான் முதல் தடவை. இறங்கும்போது, "தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அதற்கு என்ன அர்த்தம்? அம்மாவைக் கேட்டேன், தரகரைக் கேட்டேன், பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற அம்மாவைக்கூடக் கேட்டேன். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் ரீசார்ஜ் செய்யப் போகவில்லை. போகப் பயமாக இருந்தது.

பௌர்ணமிக்கு முதல் நாள் தரகர் போன் செய்தார். "பொண்ணு நாளைக்கி ஒங்க ஊருக்கு வருதாம்."

"நாளைக்கா? நாளைக்கி நான் இருக்க மாட்டேனே."

"நீ இருக்கறன்னைக்கி வந்து அது இன்னா பண்றது? நீ இல்லாத நாளுதான் பாக்கணுமாம்."

அந்தப் பௌர்ணமியை எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. செங்கம் ரோட்டில் இறங்க வேண்டியவர்களை வேலூர் ரோட்டில் இறக்கினேன். ஜனம் மலையைச் சுற்றியது, நான் ஜனத்தைச் சுற்றினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் மலை வேறு வேறு மாதிரி தெரியும் என்பார்கள். எனக்கு எல்லாப் பக்கமும் ஒரே குடம்தான் தெரிந்தது. அது யார் இடுப்பில் இருக்கிறது, நிரம்பியிருக்கிறதா, கீழே விழுந்துவிட்டதா என்றே ஓடியது.

காலையில் வீட்டுக்கு வந்தபோது அடுப்படியில் என் குடங்களில் ஒன்று வாய் விளிம்பு வரை நிரம்பியிருந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் அப்படிப் பிடிக்க மாட்டார்கள். வழியில் சிந்தும் என்று நாலு விரல் குறைத்துத்தான் பிடிப்போம். வாசலிலிருந்து அடுப்படி வரை ஈரக் கோடு காய்ந்து கிடந்தது.

"வந்துச்சா?" என்றேன்.

"வந்துச்சி" என்றாள் அம்மா. "வழில ரெண்டு தபா எறக்கி வெச்சிதாம். பாதி தண்ணி அது பாவாடைலதான் இருந்திச்சி. மறுக்கா போயி ரொப்பி எடுத்தாந்து வெச்சிது. அப்பால பருப்பு வேவுதான்னு பாக்கணும்னு ஒக்காந்துச்சி."

"வெந்துச்சா?"

"ஒக்காந்து சாப்ட்டுட்டுத்தான் போச்சி."

"இன்னா சொல்லிட்டு போச்சி?"

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. கொழாயண்ட போயி கேளு."

பல்கூட விளக்காமல் போனேன். என்னைப் பார்த்ததும் வரிசை மொத்தமும் ஒன்றாகத் திரும்பியது. மைக் செட் சின்னம்மாதான் ஆரம்பித்தார். "வாடா பௌர்ணமி."

"இன்னா பேரு இது?"

"நேத்து அந்த பொண்ணு வந்து, பௌர்ணமிக்கு மட்டும் காணாம போறவரு வூடு எதுங்கன்னு கேட்டுச்சி. அப்பால வாய்க்கு வாய் பௌர்ணமின்னுதான் சொல்லுச்சி. எங்களுக்கும் ஒட்டிக்கிச்சி."

ஊர் மொத்தத்துக்கும் பேர் வைத்தவனுக்கு ஒரே மத்தியானத்தில் பேர் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதுவும் என்னைப் போன்ற கறுப்பனுக்கு. சிரிப்பு அடங்குகிற வரை நின்றேன். பேர் இருக்கட்டும், எனக்கு வேண்டியது வேறு.

"முடிவா இன்னா சொல்லுச்சி?"

கலெக்டர் அக்கா பதில் சொல்லாமல் வரிசையைக் கையால் காட்டினார். நடுவில் ஒரு புதுக் குடம் இருந்தது. ஊதா நிறம். எங்கள் ஊரில் ஊதா யாரிடமும் இல்லை. கழுத்தில் சுற்றிலும் நகப் பாலிஷால் சிவப்புப் புள்ளிகள்.

"இது யாருது?"

"அதுதான் எடுத்தாந்துச்சி. திரும்ப எடுத்துனு போகல. இங்கயே இருக்கட்டும், நாளைக்கி வரிசையில நிக்கட்டும்னு வெச்சிட்டு பஸ் ஏறிடுச்சி. ஞாயித்துக்கெழம பெரியவங்க வருவாங்களாம், ஒங்கம்மாகிட்ட பேச."

முன்னால் இருந்த குடம் நிரம்பியது. அடுத்தது ஊதாக் குடம். யாரும் நகரவில்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"இன்னாடா நிக்கற?" என்றார் கலெக்டர் அக்கா. "ஆளு இல்லன்னா கொடத்த தாண்டிப் போவோமா? புடி."

சிங்கத்தின் வாய்க்குக் கீழே வைத்துப் பிடித்தேன். நாலு விரல் குறைத்து நிறுத்த வேண்டும் என்று கைக்குத் தெரியும். நிறுத்தவில்லை. விளிம்பு வரை விட்டேன். கலெக்டர் அக்கா ஒரு பக்கம் பிடித்துத் தோளுக்கு ஏற்றிவிட்டார்.

"எங்கடா எடுத்துனு போற, கீழ்பென்னாத்தூருக்கா?" என்றது மைக் செட்.

"எங்கூட்டுக்குத்தான்" என்றேன். சட்டை நனைந்தது. இறக்கி வைக்காமல் நடந்தேன்.